பொடிதான் வெற்றிலையிடம் வந்தது

ஈரக் கையோடு அந்த அறைக்குள் நான் யாரையும் விட்டதில்லை. இன்றைக்கும் விடுவதில்லை. அதற்காக எனக்கு வைத்த பட்டப்பெயர்கள்: டிப்ளோமா, சாவிக்காரி, பொடி மிஸ். முதல் இரண்டும் மேனேஜர் வைத்தவை. மூன்றாவது பெண்கள் வைத்தது. அது எனக்குப் பிடிக்கும்.

நான் வேலை செய்வது பண்டாரவளைக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கும் சின்ன அச்சாறு ஃபெக்டரி ஒன்றில். கரட், போஞ்சி, கறிமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் சந்தையிலிருந்து லொறியில் வரும். கழுவி, வெட்டி, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வினாகிரி ஊற்றிப் போத்தலில் அடைப்போம். போத்தல்கள் கொழும்புக்குப் போகும். வெட்டுகிற பெண்கள் எல்லாரும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். நானும் லயத்தில் பிறந்தவள்தான், மடுல்சீமைப் பக்கம். பதுளையில் தங்கி உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு இங்கே தரம் பார்க்க வந்தேன்.

உப்புக் கரைசலில் ஒரு வெள்ளைப் பொடியும் சேரும். கல்சியம் குளோரைட்டு. அது இல்லாவிட்டால் காய் சில வாரங்களில் தொளதொளவென்று ஆகிவிடும். அது இருந்தால் கடிக்கும்போது நறுக்கென்று சத்தம் வரும். அளவாகக் கரைத்தால் சாப்பாட்டுச் சாமான். ஆனால் பொடியாக இருக்கும்வரை அது சாப்பாடு இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்கு இங்கே முதல் வருஷம் போனது.

அதற்கு இரண்டு குணம். ஒன்று, எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். காற்றிலிருந்துகூட. திறந்து வைத்தால் முதலில் கட்டி பிடிக்கும், பிறகு கசியும், பிறகு பசையாகும், விட்டுவிட்டால் தண்ணீராகவே நிற்கும். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. காலையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, ஈரத்தில் சேரும்போது சூடாகும். வாளித் தண்ணீரில் அள்ளிப் போட்டால் வாளி கையைச் சுடும். கண், உதடு, வியர்த்த கை எல்லாம் அதற்குத் தண்ணீர் வாளிதான்.

நான் வந்தபோது அந்த மூட்டை வெறும் சீமெந்துத் தரையில், தரை கழுவும் பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பக்கத்தில், வாய் திறந்தபடி சாய்ந்து கிடந்தது. இரண்டும் வெள்ளை. அள்ளுவதற்கு ஒரே ஒரு டின். அந்த டின்னும் துருப்பிடித்து விளிம்பு தின்னப்பட்டிருந்தது, ஏனென்றால் இந்தப் பொடி ஈரமானால் இரும்பைத் தின்னும். அதையெல்லாம் மேனேஜரிடம் வரிசையாகச் சொன்னேன். தனி அறை வேண்டும், காய்ந்த அறை. மூட்டை தரையில் படாமல் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி. உள்பையை ஒவ்வொரு முறையும் முறுக்கிக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் அள்ளுகரண்டி, அதுவும் காய்ந்தது. கையுறை, கண்ணாடி, மாஸ்க். தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பொடிமேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. சிந்தினால் முதலில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட்டு அப்புறம்தான் கழுவ வேண்டும். வேறு டப்பாவில் மாற்றக்கூடாது. இது எல்லாவற்றுக்கும் மேலே.

"இது என்ன தங்கமா மிஸ், பூட்டி வைக்க?" என்றார்.

"தங்கம் ஈரத்துல கெட்டுப்போகாது சார்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கே அவருக்கு என்னைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். ஆனாலும் அறை கிடைத்தது. முற்றத்தின் கடைசியில், முன்பு மண்வெட்டி வைத்திருந்த அறை. ஓட்டையை அடைத்து, பூட்டுப் போட்டு, சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளைப் பொடியைக் கண்டு பயம் வராது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு டொலமைட் பொடி வீசிவிட்டு என் அப்பா முகமெல்லாம் வெள்ளையாக வருவார். நாங்கள் பார்த்துச் சிரிப்போம், அவரும் சிரிப்பார், பீலித் தண்ணீரில் கழுவிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். லயத்துச் சுவருக்கு அடிப்பதும் வெள்ளைப் பொடிதான். வெற்றிலைக்குப் போடுவதும் அதன் தங்கச்சிதான். அதனால் கரைசல் கலக்கும் அண்ணனிடம் கையுறையைக் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். ஆனால் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

இன்னொரு சட்டமும் போட்டேன். வெட்டும் அறை, கலக்கும் அறை, அடைக்கும் அறை, இந்த மூன்றுக்குள்ளும் வெற்றிலை கூடாது. சாப்பாடு செய்யும் இடத்தில் எச்சில் கூடாது, அவ்வளவுதான். அதற்கும் முணுமுணுப்பு வந்தது. அதிகம் முணுமுணுத்தவர் ஒரு அக்கா. கரட் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேசுவதிலும் இல்லை.

"இந்தா பாரு மிஸ்ஸு, வாய்க்குள்ள இருக்கிறத நீ பாத்தியா?"

"பாக்கலக்கா. வாசம் வருது."

"அப்ப மூக்க மூடிக்க."

என்றாலும் மறுநாளிலிருந்து வெளியே போய்த்தான் போட்டார். கலக்கும் அறைக்கு வெளியே, கூரை நீண்ட இடத்தில் ஒரு நீளப் பெஞ்சும் சுவரில் ஒரு பலகையும் உண்டு. அதுதான் பெண்கள் இளைப்பாறும் இடம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்ன வழக்கமோ அதையே இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். வெற்றிலை அவரவருடையது. பாக்கு கடன் கேட்கலாம். சுண்ணாம்பு மட்டும் எல்லாருக்கும் பொது. மாஜரின் டப்பா ஒன்றில் பலகைமேல் இருக்கும். டவுனுக்குப் போகிறவர் யாரோ வாங்கிவந்து நிரப்பி வைப்பார். யார் வாங்கினது என்று ஒருவரும் கேட்பதில்லை. புது டப்பா வந்திருந்தால் ஒரு வாழ்த்து, ஒரு விரல், அவ்வளவுதான்.

இதை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததெல்லாம் அந்த வழக்கத்துக்குள்தான் நடந்தது.

ஒருநாள் நான் ஃபெக்டரித் தண்ணீரின் மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கப் பதுளைக்குப் போக வேண்டியிருந்தது. சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கொழும்புக்கு ஒரு ஹோட்டலின் பெரிய ஓடர். நாள் முழுக்க மழை. கலக்கும் அறைக்கும் பொடி அறைக்கும் நடுவில் முழு முற்றம். ஒவ்வொரு தடவையும் குடையோடு போய் அள்ளிவருவது மேனேஜருக்குத் தாங்கவில்லை. கழுவிக் காயப்போட்டிருந்த ஒரு மாஜரின் டப்பாவை எடுத்து, நிறையப் பொடியை அள்ளிவந்து வெளியே அந்தப் பலகைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணன் தயங்கியிருக்கிறார். "நான் சொல்றேன்ல" என்றிருக்கிறார் மேனேஜர். வேலை முடிந்தபோது பாதி டப்பா மிச்சம். மூடி இல்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இரவெல்லாம் மூட்டம். காலையில் அந்த டப்பாவில் இருந்தது பொடி இல்லை. மேலே வெள்ளைப் பசை, மினுமினுப்பாக, ஓரத்தில் லேசாகத் தண்ணீர் கசிந்து. நீரில் குழைத்த சுண்ணாம்பு எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே. பசைக்கு அடியில் இன்னும் ஈரம் எட்டாத கட்டி.

தேத்தண்ணி நேரத்துக்குப் பெண்கள் வெளியே போனார்கள். காலையிலேயே மேனேஜரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட நான் உள்ளே போத்தல் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது.

"எந்தப் புண்ணியவதிடி இது? புதுசா சுண்ணாம்பு வாங்கிட்டு வந்திருக்கா! மகராசியா இருக்கட்டும்!"

"நானில்ல."

"நானுமில்ல."

"அப்ப முனியாண்டி சாமிதான் டவுனுக்குப் போயிட்டு வந்திருப்பாரு."

சிரிப்பு. பிறகு சிரிப்பு அறுந்தது. சுட்ட இரும்பை உடம்பில் வைத்த மாதிரி ஒரு அலறல். அந்தக் குரல் அக்காவுடையது என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

ஓடிப்போனேன். அக்கா குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். விரலால் ஆழமாகத் தோண்டி, கட்டியும் சேர்த்து எடுத்திருக்கிறார். பலகைமேல் இரண்டு டப்பாக்கள். எது எது என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பைப்பைத் திறந்து, "கொப்புளிச்சுத் துப்புங்கக்கா, முழுங்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வாயில் ஒட்டியிருந்த துணுக்குகளை அவரே விரலால் வழித்துப் போட்டார். தண்ணீர், இன்னும் தண்ணீர், இன்னும். நாக்கு கன்றிச் சிவந்திருந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக உரிந்திருந்தது. புறப்படுமுன் பொடி இருந்த டப்பாவுக்கு ஒரு மூடி தேடிப் போட்டு, என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் என்ன பட்டது என்று கேட்டதும் பெயரைச் சரியாகச் சொன்னேன். உடனே தண்ணீர் விட்டுக் கழுவியது நல்லது என்றார். ஆறிவிடும், ஆனால் கொஞ்ச நாளாகும் என்றார்.

திரும்பும்போது அக்காவால் பேச முடியவில்லை. ஆட்டோவில் கையால் திட்டிக்கொண்டே வந்தார். யாரை என்று கேட்கத் தேவையில்லை.

அடுத்த நாள் காலை மேனேஜர் என்னை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பணிவாகவே பேசினார், அதுதான் எனக்கு முதலில் சந்தேகமாக இருந்தது.

"அந்த அக்காவ இனி வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். முதலாளி கேட்டா, சட்டத்த மீறி வெத்தலை போட்டாங்கன்னு நீங்க சொல்லணும். சட்டம் போட்டது நீங்கதானே மிஸ்."

அந்த அக்கா தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வந்தவர். திரும்பிப் போனால் செக்ரோலில், தோட்டத்துப் பேர்ப் பதிவில், இடமில்லை. கூப்பிடுகிற நாளைக்கு மட்டும் போய்க் கொழுந்து பறிக்கும் கைக்காசு வேலைதான் கிடைக்கும். அவருடைய மகள் பண்டாரவளையில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். இதெல்லாம் மேனேஜருக்கும் தெரியும். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். என் சட்டத்தையே கத்தியாக்கி, குத்துவதற்கு என் கையைக் கேட்டார்.

"என் சட்டம் உள்ளுக்குத்தான் சார். பெஞ்சு வெளியில."

"காம்பவுண்டு முழுக்க ஃபெக்டரிதான்."

"அப்ப பொடி வைக்கிற எடமும் காம்பவுண்டு முழுக்கவா?"

"வெத்தலை போடாம இருந்திருந்தா வாய் வெந்திருக்குமா? சொல்லுங்க. லயத்துப் புத்தி."

"வெத்தலை பொடிகிட்ட போகல சார். பொடிதான் வெத்தலைகிட்ட வந்துச்சு."

அவர் முகம் மாறியது. பணிவு போனது. எனக்கு அது வசதியாக இருந்தது.

எச்சரிக்கைத் தாள்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு வரி வரும்: கையாளுபவர் கவனமாக இருக்க வேண்டும். கையாளுபவர் யார்? கையால் தொட்டவர் மட்டுமா? மூட்டையைத் திறந்தவர், டப்பாவில் மாற்றியவர், மூடி போடாமல் போனவர், மாற்றச் சொன்னவர், இவர்கள் எல்லாரும் கையாளவில்லையா? விபத்து நடந்த பிறகு பார்த்தால் கடைசியாகத் தொட்ட கைதான் தெரியும். அது எப்போதும் கரட் வெட்டிய கையாக, கொழுந்து பறித்த கையாக இருக்கும். நான் அந்த வரியை அப்படி வாசிக்க மாட்டேன். படித்ததே அதற்குத்தான்.

"சாவியக் குடுங்க" என்றார் மேனேஜர். "கரைசல் போடணும். லொறி நிக்குது."

"என்கிட்டயே இருக்கட்டும். அக்கா வேலைக்கு உண்டுன்னு சொல்லுங்க, இப்பவே நான் தெறந்து அளந்து தர்றேன்."

"பூட்ட ஒடைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நெனைக்கிறீங்க?"

"ஒடைங்க சார். உள்ள போறப்போ கையில வேர்வை இல்லாமப் பாத்துக்கங்க."

கதவைத் திறந்து வெளியே வந்தேன். மேனேஜர் முற்றத்தில் நின்று கரைசல் அண்ணனைக் கூப்பிட்டு, பூட்டை உடைத்துப் பொடியை அள்ளச் சொன்னார். அண்ணன் கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"நான் அள்ளல சார். எனக்கு இந்த வாயால இன்னும் சோறு திங்க வேண்டியிருக்கு."

அப்போதுதான் வெட்டும் அறையில் கத்திச் சத்தம் நின்றதைக் கவனித்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை. ஒருத்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். மெதுவாக, நரம்பு கிழித்து, துடைத்து, பாக்கு வெட்டி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துத் தொரை முறைக்கும்போது எங்கள் அம்மாமார் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். சுண்ணாம்பு டப்பாவை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை. வெறும் வெற்றிலையை மென்றார்கள்.

மேனேஜர் முதலாளிக்கு ஃபோன் எடுத்தார். முதலாளிக்குப் பண்டாரவளை டவுனில் கடை. வயதானவர், தொப்பியோடு வேனிலிருந்து இறங்கினார். வாய் சிவந்திருந்தது. அவரும் வெற்றிலைக்காரர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேனேஜர் தன் கதையைச் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன புள்ள, நீ போட்ட சட்டத்துக்கு நீயே எதிரா நிக்கிறியாமே?"

நான் மேசை லாச்சியைத் திறந்து, பூட்டி வைத்திருந்த டப்பாவைக் கையுறையோடு கொண்டுவந்தேன். பலகைமேல், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடியை எடுத்தேன். இரண்டும் மாஜரின் டப்பா. இரண்டிலும் வெள்ளைப் பசை.

"முதலாளி, ஒரு வெத்தலை போடுங்க. சுண்ணாம்பு இதுல ஒண்ணு."

யாரோ ஒரு பெண் வெற்றிலை ஒன்றை நீட்டினாள். அவர் சிரித்தபடி வாங்கினார். விரலை நீட்டினார். விரல் ஒரு டப்பாவுக்கு மேலே போனது, நின்றது, மற்றதுக்கு வந்தது, நின்றது. குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. என் கை இரண்டு டப்பாவுக்கும் குறுக்கே தயாராக இருந்தது. அவர் எதையும் தொட நான் விட்டிருக்க மாட்டேன்.

"எதுண்டு நீயே சொல்லு புள்ள."

"அக்காவுக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்கலயே முதலாளி."

அவர் விரலை மடக்கினார். வெற்றிலையை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்கு வேணாம்" என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இத இங்க கொணந்து வைக்கச் சொன்னது யாரு?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார்.

"அந்தப் பெண்டுபுள்ளைக்கு வாய் ஆறினதும் வரச் சொல்லுங்க. வேலை இரிக்கி." வேனில் ஏறப் போனவர் என்னிடம் நின்றார். "ஒனக்கு வாய் கூடிப்போச்சு."

"வாய் புண்ணாகாதவங்கதானே இப்ப பேசணும் முதலாளி."

அவர் வேனில் ஏறினார். வேன் போனது. நான் போய் அறையைத் திறந்தேன். அண்ணன் கையுறையைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அளந்து கொடுத்தேன். லொறி தாமதமாகப் போனது, ஆனால் போனது.

இதற்காக மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. அக்கா வராத நாட்கள் அவராக எடுத்த லீவு என்றானது. என் மேசையைக் கூரை ஒழுகும் மூலைக்கு மாற்றினார்கள். நான் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, மேசையை நானே தள்ளிப் போட்டுக்கொண்டேன். மாஜரின் டப்பா ஒன்றுகூட இனி ஃபெக்டரிக்குள் இருக்கக்கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் அடியில் ஓட்டை போட்டுப் பெண்களிடம் கொடுத்தேன். லயத்து வாசல்களில் இப்போது அவற்றில் ரோசாச்செடி நிற்கிறது. பொதுச் சுண்ணாம்புக்குச் சின்னதாக ஒரு டப்பி வாங்கினேன், சிவப்பு மூடியோடு. ஃபெக்டரியில் வேறெதற்கும் சிவப்பு மூடி கிடையாது.

அக்கா திரும்பி வந்த அன்று தேத்தண்ணி நேரத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மேனேஜர் முற்றத்தில் நின்றிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றே அக்கா வெற்றிலையை மடியில் விரித்தார். சிவப்பு மூடியைத் திறந்தார். கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரல் நுனியால் மிகக் கொஞ்சமாகத் தொட்டுத் தடவினார்.

"இன்னும் வெத்தலைதானா?" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க சார். வெளியிலதானே இருக்கேன்."

சொல்லிவிட்டு மென்றார். வாய் இன்னும் முழுதாக ஆறவில்லை, எரிந்திருக்கும், கண்ணில் தண்ணீர் நின்றது. துப்பவில்லை. மேனேஜர் உள்ளே போகும்வரை மென்றுகொண்டே இருந்தார். அவர் போனதும் என்னைப் பார்த்து, "மூக்க மூடிக்க மிஸ்ஸு" என்றார்.

இப்போதும் மழை நாட்களில், ஓடர் நெருக்கும்போது, மேனேஜர் கையை நீட்டுவார். "சாவி மிஸ், அவசரம்."

"நானே வர்றேன் சார்" என்பேன். எழுந்து, கையைத் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்து, குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போவேன். அவர் காத்திருப்பார்.